தோட்டத்துல இருக்கா

தூத்துக்குடியில் ஒரு பூங்காதான் இருக்கும் என்று நினைத்துப் போனோம். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் என் வீட்டுக்காரர் கருப்பணன், பார்க்குக்குப் போகணும் என்று சொன்னதும், எந்தப் பார்க்கு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

என் தம்பி சோலைமுத்துவையும் அவன் பெண்டாட்டி சகாயராணியையும் அன்றைக்கே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்காகத்தான் விடிகாலையில் சின்னாளப்பட்டியில் பஸ் ஏறி, மதுரையில் மாறி வந்திருந்தோம். ஊரில் எங்கள் அம்மா ஒச்சாயி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எண்பத்துநாலு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு வாரமாகக் கஞ்சித்தண்ணி மட்டும்தான் இறங்குகிறது, அதுவும் ரெண்டு கரண்டி. வந்து பார்த்த நர்சம்மா, சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரைப் பார்க்கணும் என்று அம்மாவிடம் கேட்டேன். முத்துவை என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ரெண்டு பேரும் வரட்டும்" என்றாள்.

தெரிந்துகொண்டே, எந்த ரெண்டு பேரு என்று கேட்டேன்.

"அவனும் அந்தப் பிள்ளையும்."

அந்தப் பிள்ளையை அம்மா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பதினாலு வருடத்துக்கு முன்னால், முத்து வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லில் வேலை பார்த்தான். தூத்துக்குடியிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவள் சகாயராணி. மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு, ரெண்டு பேருமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா வாசல் நிலையின் ரெண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, நீ வேண்டுமானால் உள்ளே வா, அது வரக்கூடாது என்றாள். முத்து கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டான். அந்தப் பிள்ளை மட்டும் தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எனக்கு மட்டும் போன் பண்ணுவான். வருடத்துக்கு ரெண்டு, மூன்று தடவை. முதலில் உப்பளத்தில் வேலை என்றான். நாலு வருடமாகத் தோட்ட வேலை என்றான். கடலோரத்தில் தோட்டம் ஏது, பார்க்காகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். அப்படியே ஊரெல்லாம் சொன்னோம். சகாயராணி எங்கே என்று கேட்பேன்.

"தோட்டத்துல இருக்கா" என்பான்.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் யாரைத் தேடிப்போனாலும் கிடைக்கிற பதில்தானே அது. கிணறும் மோட்டாரும் இருக்கிற நிலம் தோட்டம். பகலில் மனுசர்கள் அங்கேதான் கிடப்பார்கள். அதனால் நான் மேற்கொண்டு கேட்டதெல்லாம், வெயிலா என்பதுதான். இல்லக்கா, மரத்தடி, நல்ல நெழலு என்பான். இதை நான் அம்மாவிடம் வந்து சொன்னால், வெற்றிலையை மென்றுகொண்டே, "மகாராணிக்கு நெழல் வேலையாக்கும்" என்பாள். இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

அம்மா விழுந்த அன்றைக்குக் கூப்பிட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ஐந்து மாதமாக அதையேதான் சொல்கிறது.

ஆட்டோக்காரர் முதலில் இறக்கிவிட்ட பூங்கா ஊர் நடுவில் இருந்தது. காவலாளி நல்ல மனுசர். என் வீட்டுக்காரர் செல்போனில் வைத்திருந்த பழைய போட்டோவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். இங்கே வேலை பார்ப்பதே நாலு பேர், இந்த ஆள் இல்லை என்றார். இருந்தாலும் உள்ளே ஒரு சுற்று சுற்றி வந்தோம். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பூத்து, பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே வதங்கியிருந்தன. பூக்களைப் பறிக்காதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அப்புறம் எதற்குத்தான் வைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். நாங்கள் மல்லி போடுகிறவர்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தாகவேண்டும். விரிந்துவிட்டால் அது எங்களுக்குக் குப்பை. எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருந்தது.

அடுத்தது கடற்கரைப் பூங்கா. திருச்செந்தூரில் பார்த்த அதே கடல்தான். ஆனால் இங்கே அலையே இல்லாமல் கண்மாய் மாதிரி கிடந்தது. ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன. செடிகளெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு மண்ணு. இதுல மாப்ள என்னத்தத்தான் வளக்குறான்?"

அங்கேயும் அவனைத் தெரிந்தவர்கள் இல்லை. ரெண்டு வீதிக்கு நடுவில் முக்கோணமாக ஒரு பூங்கா, குடியிருப்புக்குள் பூட்டிக் கிடந்த ஒரு பூங்கா என்று மேலும் ரெண்டு பார்த்தோம். பூட்டியிருந்ததைக் கம்பி வழியாகப் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. என் மகள் ஜீவிதா ஊரிலிருந்து கூப்பிட்டாள். அவளைத்தான் அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆத்தா காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை, பஸ் ஏறிட்டாங்களா, பஸ் ஏறிட்டாங்களா என்று அதையே கேட்கிறது என்றாள். ஏறிட்டோம்னு சொல்லு என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ரோச் பூங்கா. பெரிய பெரிய மரங்கள், பச்சைப் பசேலென்று தரை. இம்புட்டுப் புல்லு கிடக்கு, ஒரு ஆட்டைக் காணோம் என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேர் இஞ்ஞாசியம்மாள் என்றாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். மாநகராட்சியின் எல்லாப் பூங்காவிலும் மாறி மாறி வேலை பார்த்தவள், தனக்குத் தெரியாத ஆள் கிடையாது என்றாள். போட்டோவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தெரியவில்லை.

"அந்த அக்கா பேரு என்ன சொல்லுதீங்க?"

"சகாயராணி."

"வேதக்காரங்களா?"

"அது மட்டும். இவன் நம்ம சாமிதான்."

"பார்க்குல வேலைன்னா சொன்னாரு?"

"தோட்டத்துலன்னு சொன்னான். ரெண்டு பேரும் தோட்டத்துலதான் இருக்காக, நாலு வருசமா."

அவள் வாரியலை மரத்தில் சாய்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் வாயால் அப்படியேதான் சொன்னாரா என்று இன்னொரு தடவை கேட்டாள். அப்படியேதான் என்றேன்.

"அக்கா, எங்க பக்கம் தோட்டம்னா பார்க்கு இல்ல. கல்லறைத் தோட்டம். பொதைக்கிற எடம்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். முத்து அங்கே வேலை பார்க்கிறான் என்றே வைத்துக்கொள்வோம், ரெண்டு பேருமா எப்படிம்மா என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று இஞ்ஞாசியம்மாள் எழுந்தாள்.

ரொம்ப தூரமில்லை. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் தெரிந்ததும் என் கால் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்ற அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதே தெருமுனையோடு நின்று திரும்பியவள் நான். அதை அவளிடம் சொன்னேன். நாங்கல்லாம் போவோம்க்கா, ஒண்ணும் செய்யாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே சிலுவைகள், வரிசை வரிசையாக. அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். ஒரு இடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு அய்யம்மா. பாத்தி கட்டியிருக்கான்."

நாங்கள் பார்த்த பூங்காக்களில் எல்லாம் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இங்கே கல்லறைகளுக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி வாய்க்கால் ஓடியது. வாய்க்காலிலிருந்து பாத்திக்கு மடை. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை அணைத்து அடுத்த மடையைத் திறந்துவிட்டிருந்தது. பாத்திகளில் கனகாம்பரம். திண்டுக்கல் பக்கத்து ஆள் மம்பட்டி பிடித்த இடம் என்று எழுதி ஒட்டவேண்டியதில்லை.

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு வேப்பமரத்தடியில் முத்து குனிந்து நின்றிருந்தான். மடை வெட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்தேழு வயதில் தலை முழுக்க வெளுத்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

மரத்தடியில் ஒரு மண் மேடு. சின்ன மரச்சிலுவை. சகாயராணி என்று வெள்ளை வர்ணத்தில் அவன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கீழே தேதி. நாலு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம்.

நல்ல நிழல்தான்.

மஞ்சள்காமாலை என்றான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். அடக்கம் பண்ணிய பிறகு, வீட்டில் இருக்க முடியாமல் தினமும் இங்கே வந்து உட்கார்ந்திருப்பானாம். சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்குச் செடிக்குத் தண்ணியாவது ஊற்று என்று கோயில்காரர்கள் சொன்னார்களாம். பிறகு குழி வெட்டுகிறவருக்குக் கூடமாட ஒத்தாசை. இப்போது அவர் இல்லை, இவனேதான். செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, என் நம்பரும் அதோடு போய்விட்டது என்றான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏண்டா சொல்லல? நாலு வருசமா என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னேன்க்கா. அடக்கம் பண்ணி மூணாம் நாளு உனக்குத்தான் போன் போட்டேன். அவ தோட்டத்துக்குப் போயிட்டாக்கான்னு சொன்னேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. மல்லி கட்டிக்கொண்டே பேசினேன். நல்லது, ரெண்டு பேரும் சம்பாதிச்சாத்தான் தலைதூக்க முடியும் என்று சொன்னேன்.

"நீ நல்லதுன்னு சொன்ன. அதுக்கு மேல எனக்கு வாய் வரல" என்றான். "அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் அவ எங்க, என்ன பண்றான்னு கேப்ப. உலகத்துலயே நீ ஒருத்திதான் அவள உசுரோட இருக்கவ மாதிரி கேட்ட. அத நிப்பாட்ட எனக்கு மனசு வரல" என்றான்.

அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். மண் அப்பியிருந்தது. அம்மா கிடக்கும் நிலையைச் சொன்னேன். ரெண்டு பேரையும் வரச்சொன்னதைச் சொல்லும்போது அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் உடனே கிளம்பவும் இல்லை. சாயங்காலம் ஒரு அடக்கம் இருந்தது, அதற்குக் குழி வெட்டி முடித்துவிட்டுத்தான் நகரமுடியும் என்றான். பாதியில் விட்ட குழி ஆகாது. மேற்கு மூலையில் இடுப்பளவு தோண்டியிருந்தான். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நான் இன்னொரு மம்பட்டியை எடுத்து, மேலே வந்து விழுந்த மண்ணை ஒதுக்கினேன். அப்போது எனக்குக் கூச்சமாக இல்லை. முடித்துக் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு பஸ் ஏறும்போது மணி பன்னிரண்டரை.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அம்மாவுக்குக் கண் மங்கல்தான். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஒரு பிள்ளையைக் கட்டிலருகில் நிறுத்தி, இதுதான் அது என்று சொல்லிவிடுவோம், கிழவி நிம்மதியாகப் போகட்டும் என்றார். முத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, நான் பொய் சொல்ல மாட்டேன் மாமா, நீங்க சொன்னா மறிக்கவும் மாட்டேன் என்றான். அதோடு பேச்சு என் தலையில் வந்து விழுந்தது. திருமங்கலம் தாண்டும்போது நான் முடிவு பண்ணிவிட்டேன். வேறொருத்தியை நிறுத்துவது பாவம். காய்ச்சலாகக் கிடக்கிறாள், பயணம் தாங்காது என்று விட்டு வந்தோம் என்று சொல்லிவிடலாம். அதை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இன்னும் இறங்கவில்லை. முத்து நிலைப்படியில் ஒரு நிமிடம் நின்றான். பிறகு குனிந்து உள்ளே வந்தான். அம்மாவின் கட்டிலுக்கருகில் தரையில் உட்கார்ந்தான். ஜீவிதா, ஆத்தா, மாமா வந்துட்டாரு என்று காதில் சொன்னாள். அம்மா கையை நீட்டி அவன் முகத்தைத் தடவினாள். தாடியை, காதை, கழுத்தை.

"வந்துட்டியா அப்பு."

"வந்துட்டேன்மா."

அம்மா கையை அவன் தோளில் வைத்தபடியே தலையை வாசல் பக்கம் திருப்பினாள்.

"அவ எங்க? வெளியவே நிக்கிறாளா? உள்ள வரச் சொல்லுப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாலைந்து தடவை சொல்லிப்பார்த்த பொய் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் நாளைக்கும் கேட்பாள். மூச்சு இருக்கிறவரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

"அவ இல்லம்மா" என்றேன். "செத்துப்போயி நாலு வருசமாச்சு. மஞ்சக்காமாலை. இன்னைக்குத்தான் எங்களுக்கே தெரியும்."

அம்மாவின் கை அவன் தோளிலேயே இருந்தது. ஜீவிதா அழ ஆரம்பித்தாள். பிறகுதான் அம்மாவின் உதடு அசைந்தது.

"தண்ணி கொண்டா."

காலையிலிருந்து ஒன்றும் குடிக்காதவள் கேட்டுவிட்டாளே என்று ஓடிப்போய்த் தம்ளரில் கொண்டுவந்து வாயருகில் வைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிக்கவா கேட்டேன்? சாவுச் சேதி கேட்டிருக்கேன். தலைக்கு ஊத்து."

என் வீட்டுக்காரர் பதறிப்போய்விட்டார். எழுந்து உட்காரவே முடியாத உடம்பு, தலைக்கு ஊற்றினால் இன்றைக்கே முடிந்துவிடும், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் அத்தை, நாலு வருசத்துச் சாவுதானே என்றார்.

"உங்களுக்கெல்லாம் நாலு வருசமா இருக்கட்டும். எனக்கு இப்பத்தான்" என்றாள் அம்மா.

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். சத்தம் கேட்டிருக்கும்போல. அங்கிருந்தே, சாவுக்கு யாருடி வெந்நீரில் முழுகுவா என்று கேட்டாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டேன். தொட்டியில் பச்சைத் தண்ணீரை மொண்டு மூன்று குடம் நிறைத்தேன். முத்து அம்மாவை ரெண்டு கையிலும் அள்ளித் தூக்கினான். சுள்ளிக்கட்டு கனம்கூட இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் அவளைக் கிடத்திக்கொண்டான்.

முதல் குடத்தை ஊற்றினேன். அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். தண்ணீர் அவள் தலையில் விழுந்து முத்துவின் மார்பில் இறங்கி ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ரெண்டாவது குடத்துக்கு அம்மாவின் பல் கிட்டியது. போதுமாம்மா என்றேன். ஊத்து என்றாள்.

அடுத்த வீட்டுப் பொன்னழகு மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். இந்த நேரத்தில், இந்த உடம்புக்கு, பச்சைத் தண்ணீர். பார்த்ததுமே இது சாவுக்கு முழுகுவது என்று அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"என்ன பெரியாத்தா, யாரு வீட்டுத் துட்டி?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா நனைந்த தலையை மகன் நெஞ்சிலிருந்து தூக்கி வேலிப் பக்கம் திருப்பினாள்.

"எங்க வீட்டுத் துட்டிதான் பொன்னழகு. எம் மருமக செத்துப்போச்சு."

நான் மூன்றாவது குடத்தைத் தூக்கினேன்.